உத்திரத்துக்கு மறுநாள்

கோயில் வாசலில் ஒருவர் குனிந்து எச்சில் இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். தோரணத்து மாவிலைகள் வதங்கிச் சுருண்டிருந்தன. அடுப்புக் கற்கள் மூன்று மூன்றாகக் கிடந்தன. அணைந்த அடுப்பு ஒன்றின் சாம்பலில் நாய் ஒன்று வசதியாகப் படுத்திருந்தது.

கெடாவின் தென்கோடியில் பண்டார் பாரு பக்கத்திலிருந்து மெர்போக் வரைக்கும் அஞ்சலையும் நானும் வெறுங்காலோடு நடந்து வந்திருந்தோம். கூட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

“என்னம்மா வேணும்?”

“பங்குனி உத்திரத்துக்கு மொட்டை போட வந்திருக்கோம்,” என்றாள் அஞ்சலை.

“உத்திரம் நேத்தே முடிஞ்சிருச்சே.”

அஞ்சலை என்னைப் பார்த்தாள். நான் நாயைப் பார்த்தேன்.

சட்டைக்காகப் போனவன்

ஜப்பான்காரன் காலத்தில் சாப்பிட்ட மரவள்ளிக்கிழங்கைப் பற்றி இந்தப் பத்தியில் சென்ற வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, அந்தக் காலத்தில் உங்களுக்குக் கிழங்கைத் தவிர வேறு கவலையே இல்லையா என்று என் மருமகள் கேட்டாள். இருந்தது. அதில் ஒன்றைத்தான் இந்த வாரம் சொல்ல வந்தேன்.

அஞ்சலையின் வீடு, ரப்பர் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அடுத்த கதவு. இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஒரே மர நிரையில் பால் வெட்டினோம். அவள் ராமையாவைக் கட்டிக்கொண்ட பிறகும் சாயங்காலம் என் வீட்டு வாசலில்தான் உட்கார்ந்து தலை சீவுவாள். சீவி முடிக்க அரைப்பொழுது ஆகும். கூந்தல் அப்படி. அவிழ்த்துவிட்டால் முழங்காலைத் தொடும்.

எனக்கு அப்பா அம்மா இல்லை. அண்ணன் கோவிந்தன்தான் என்னை வளர்த்தான். எனக்குச் சமைக்கக் கற்றுக்கொடுத்தவனும் அவன்தான். அவனுக்குச் சமைக்கத் தெரியாது என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

ஒருநாள் தோட்டத்துத் திடலுக்கு லாரி வந்தது. சயாமில் ரயில் பாதை போடும் வேலை, மூன்று மாதம், போகிறவர்களுக்கு ஆளுக்கொரு சட்டை என்றார்கள். ராமையாவைத் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அண்ணனை யாரும் கூப்பிடவில்லை. அவன் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டிருந்தான். எங்களுக்குத் துணி என்று ஒன்று இல்லாமல் போய் ரொம்ப நாள் ஆகியிருந்தது.

“சட்டை கொடுக்கிறானாம் புள்ள. மூணு மாசந்தானே. ராமையாவும் வர்றான்,” என்று சொல்லிவிட்டு லாரியில் ஏறினான்.

மூன்று மாதம் போனது. அதற்கப்புறமும் மாதங்கள் போய்க்கொண்டே இருந்தன. லாரியில் போன ஒருவரும் திரும்பவில்லை.

இதற்கிடையில் எங்கள் கெடா மாநிலத்தை ஜப்பான்காரன் சயாமுக்குக் கொடுத்துவிட்டான். எங்களிடம் யாரும் கேட்கவில்லை. எங்கள் தோட்டத்துக்கு அருகே ஓடும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஜப்பான், இந்தப் பக்கம் சயாம் என்றார்கள். பாலத்தில் நின்ற சிப்பாய் மட்டும் மாறவில்லை. அதே ஜப்பான்காரன்தான்.

அஞ்சலை இதைக் கேட்டுவிட்டுச் சீப்பைக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள்.

“அப்ப நாமளும் சயாம்லதான் இருக்கோம். ஒரே ஊருல இருந்துக்கிட்டு அவர் ஏன் இன்னும் வரல?”

 

நடப்பதற்கு முன்னால் நடந்த சண்டை

வேண்டுதல் என்றால் முதலில் சாமி காரியத்தை முடித்துக் கொடுக்க வேண்டும். அப்புறம் நாம் போய் மொட்டை அடிக்க வேண்டும். அதுதான் வழக்கம். அஞ்சலை அதைத் திருப்பிப் போட்டாள்.

“முதல்ல நான் குடுத்துர்றேன். வாங்கிக்கிட்டு சும்மா இருக்கிறதுக்கு சாமிக்கே கூச்சமா இருக்கும்ல,” என்றாள்.

அவள் மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். புருஷன் போன இடம் தெரியாமல் இருக்கும்போது பெண்டாட்டி மொட்டையோடு நின்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

“எம்மவன் உசுரோட இருக்கும்போது மொட்டை போடுவியாடி?”

“போட்டாத்தான் உசுரோட வருவாரு அத்தே.”

மாமியார் எழுந்து உள்ளே போனார். நானும் வருகிறேன் என்றேன். எனக்குச் சாமியிடம் பெரிய பழக்கம் கிடையாது. ஆனால் அண்ணன் வர வேண்டும். கழுத்தைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். முடிதானே.

நாள் குறித்தது எங்கள் தோட்டத்துப் பூசாரி. அது தனிக் கதை. யுத்தம் வந்ததிலிருந்து கப்பல் இல்லை, கப்பல் இல்லாததால் கடலுக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து பஞ்சாங்கமும் இல்லை. அவர் விரல் விட்டு எண்ணி உத்திரம் எந்த நாள் என்று கண்டுபிடித்தார். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவர் யோசிக்கிற ஆள்.

“ஜப்பான்காரன் கடிகாரத்த ஒன்றரை மணி நேரம் முன்னால தள்ளிட்டான். உத்திரம் ராத்திரி பொறக்குது. தள்ளிப் பார்த்தா நடுராத்திரி தாண்டிருது. அப்ப மறுநாள்தான் உத்திரம்,” என்றார்.

லயமே அவருடைய அறிவை வியந்தது. நானும் வியந்தேன். நட்சத்திரத்துக்கு ஜப்பான்காரன் கடிகாரம் தெரியுமா என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அந்த நாளில் ஜப்பான்காரன் சொன்னதை எல்லாரும் கேட்டார்கள். நட்சத்திரமும் கேட்கும் என்று நினைத்துவிட்டோம்.

ஒட்டுப்பால்

இரண்டு இளம்பெண்கள் அந்த ரோட்டில் நடப்பது அந்தக் காலத்தில் புத்திசாலித்தனம் இல்லை. லயத்தில் பாதிப் பெண்கள் ஏற்கெனவே தலையைக் குட்டையாகக் கத்தரித்து, கரி பூசி, ஆண்பிள்ளை மாதிரி திரிந்தார்கள். அஞ்சலையையும் கத்தரித்துக்கொண்டு போகச் சொன்னார்கள்.

“கத்தரிச்சிட்டுப் போனா அங்க எதைக் குடுக்கிறது?” என்றாள்.

அதனால் கூந்தலைச் சுருட்டி, சாக்குத் துணியால் தலைப்பாகை கட்டினோம். அதன் மேல் ஒட்டுப்பால் தண்ணீரைத் தெளித்தோம். பால்மரம் வெட்டியவர்களுக்கு ஒட்டுப்பால் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பால் வடிந்த கோட்டிலும் கோப்பையிலும் ஒட்டிக் காய்ந்து கிடப்பது அது. ஈரம் பட்டு நாள்பட்டால் அந்த நாற்றத்துக்குச் செத்த எலி தேவலை. வெட்டு நின்று போனதால் தோட்டத்துக் கொட்டகையில் மூட்டை மூட்டையாக அழுகிக் கிடந்தது. ஊறவைத்த தண்ணீரைத் தலை முதல் கால் வரை தெளித்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு மூட்டை அவித்த கிழங்கோடு புறப்பட்டோம்.

பங்குனியில் ரப்பர் மரங்கள் இலையெல்லாம் உதிர்த்துவிட்டுப் புதுத்துளிர் விட்டிருக்கும். துளிர் செம்பு நிறத்தில் பார்க்க அழகுதான். நிழல் மட்டும் இருக்காது. காய்ந்த சருகு காலடியில் நொறுங்கிக்கொண்டே வந்தது. தார் ரோட்டில் கால் வைக்க முடியாத இடங்களில் புல்லில் நடந்தோம், புல்லில் முள் இருந்தால் மறுபடி தாருக்கு வந்தோம்.

செர்டாங் தாண்டி ஒரு பாலம். அங்கே ஒரு காவல் சிப்பாய். இடுப்பு வரை குனிந்து வணங்கினோம். அஞ்சலை குனிந்தபோது தலைப்பாகை அவிழ்ந்தது. கூந்தல் முழுவதும் சரிந்து அவன் பூட்ஸ் முன்னால் தரையில் விழுந்தது.

அவள் நிமிரவில்லை. நானும் நிமிரவில்லை. அவன் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, ரெண்டு எட்டு கிட்டே வந்து, குனிந்து கூந்தலைக் கையில் எடுத்தான்.  அந்தப் பாலத்தைச் சுற்றி அன்றைக்கு வேறு ஆளே இல்லை.

அவன் கையை மூக்கருகே கொண்டுபோனான். அப்படியே நின்றான். பிறகு கூந்தலைப் போட்டுவிட்டு, கையைத் தன் கால்சட்டையில் துடைத்தான். அது போதவில்லை. பாலத்துத் தூணில் துடைத்தான். எங்களைப் பார்த்து ஏதோ கத்தினான். போ என்பதற்கு எந்த பாஷையும் தேவையில்லை.

பாலம் கண்ணுக்கு மறைந்த பிறகு ரெண்டு பேரும் சாலையோரத்தில் உட்கார்ந்தோம்.  அஞ்சலை கூந்தலை மறுபடி சுருட்டினாள்.

“மிச்சம் ஒட்டுப்பால் தண்ணி இருக்காடி?” என்றாள்.

குலிமில் ஒரு வாக்குவாதம்

குலிமில் எங்கள் ஆள் ஒருவர் கடை வைத்திருந்தார். கடை என்றால் பலகைகள்தான். உள்ளே சாமான் இல்லை. மெர்போக் கோயிலுக்குப் போகிறோம் என்றதும் எங்கேயோ தேடி, சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கற்பூரம் எடுத்துக் கொடுத்தார். அந்தக் காலத்தில் அது பெரிய தானம்.

“வேகமா நடங்க. நாளைக்கு மறுநாள் உத்திரம்,” என்றார்.

“இல்லண்ணே. அதுக்கும் அடுத்த நாள்,” என்றேன்.

“யாரு சொன்னா?”

“எங்க தோட்டத்துப் பூசாரி.”

“உங்க பூசாரிக்கு என்னம்மா தெரியும்?”

அங்கேதான் காரியம் கெட்டது. தோட்டத்தில் அந்தப் பூசாரியை நாங்கள் என்ன வேண்டுமானாலும் பேசுவோம். ஆனால் குலிம் டவுன்காரர் பேசினால் விட முடியுமா? கடிகாரக் கணக்கை அவருக்கு முழுவதுமாக விளக்கினேன். அவர் கேட்டுவிட்டு, “சரிம்மா, பத்திரமா போங்க லா,” என்று பலகையைச் சாத்தினார். வாதத்தில் ஜெயித்த திருப்தியோடு நிதானமாக நடந்தோம். காலில் கொப்புளம் வேறு. அவசரம் எதற்கு?

பாடாங் செராயில் ஒரு மலாய்க்கார அம்மா இடம் கொடுத்தார். மாக் சிக், அதாவது அத்தை, என்று கூப்பிட்டோம். எங்கே போகிறீர்கள் என்று மலாயில் கேட்டார். தெரிந்த மலாயில் சொன்னேன். சயாம் என்ற சொல்லை அவர் கேட்டதும் நான் மேற்கொண்டு பேச வேண்டியிருக்கவில்லை. அவர் மகனும் போயிருந்தான். உப்புப் போட்டு அவித்த கிழங்கும் ஒரு சிரட்டை தேங்காய் எண்ணெயும் கொண்டுவந்து வைத்தார். படுக்க மட்டும் வீட்டுக்குள் விடவில்லை, சமையல் சாய்ப்பில் பாய் போட்டார். நல்ல மனசு, நல்ல மூக்கு.

கிளம்பும்போது அஞ்சலையின் தலைப்பாகையைக் காட்டி, தன் மகனையும் சேர்த்து வேண்டிக்கொள்ளச் சொன்னார். எந்தச் சாமியிடம் போகிறோம் என்று கேட்கவில்லை.

எதிரே வந்த மொட்டைகள்

சுங்கைப் பட்டாணி வந்த அன்றைக்குச் சாயங்காலம் நிலா எழுந்தது. அஞ்சலை அண்ணாந்து பார்த்தாள்.

“நிலா முழுசா இருக்குடி.”

“நாளைக்கும் அப்படித்தான் இருக்கும்,” என்றேன்.

மறுநாள் காலையில் மெர்போக் ரோட்டில் எதிரே ஆட்கள் வந்தார்கள். ஆண், பெண், எல்லாம் மொட்டைத் தலை. ஜப்பான்காரன் காலத்தில் சோப்பு இல்லை, சொறியும் பேனும் மட்டும் தட்டுப்பாடில்லாமல் கிடைத்தன. பாதி ஊர் மொட்டையாகத்தான் திரிந்தது.

“இந்தப் பக்கம் பேன் அதிகம் போல,” என்றேன்.

“சந்தனம் பூசியிருக்காங்களே?”

“சொறிக்குப் பூசியிருப்பாங்க.”

எனக்கு அந்த வயதில் எல்லாவற்றுக்கும் விளக்கம் இருந்தது. அந்த விளக்கங்களோடுதான் கோயில் வாசலுக்கு வந்து, எச்சில் இலை கூட்டிக்கொண்டிருந்தவர் முன்னால் நின்றோம்.

கூர் போன கத்தி

“நேத்தே முடிஞ்சிருச்சே” என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி கூட்ட ஆரம்பித்தார். அவர்தான் அந்தக் கோயிலில் பூசை செய்யும் பண்டாரம். அடுத்த வருஷம் வரச் சொன்னார். திருநாள் அன்றைக்குச் செலுத்துவதாக நேர்ந்துகொண்டால் திருநாள் அன்றைக்குத்தான் செலுத்த வேண்டும், நாள் தவறினால் அது சும்மா முடி வெட்டுவது மாதிரி என்றார். தப்பாகச் சொல்லவில்லை. கோயில் முறை அது.

 நாளைத் தவறவிட்டது நாங்கள், அதற்கு அண்ணன் அங்கே கிடந்து சாக வேண்டுமா என்று எனக்கு இருந்தது. அஞ்சலை தலைப்பாகையை அவிழ்த்தாள். பண்டாரம் கூந்தலைப் பார்த்தார். அப்புறம் வாசனை அவரிடம் போய்ச் சேர்ந்தது. ஓரடி பின்னால் போனார்.

“ஏங்க, ஊர்லேருந்து உங்களுக்குப் பஞ்சாங்கம் வந்துச்சா?” என்று கேட்டாள்.

“இந்தச் சண்டையில எங்கம்மா வருது? நானாத்தான் எண்ணினேன்.”

“எங்க பூசாரியும் அவரா எண்ணினதுதான். சாமிக்கு மட்டும் தனியா பஞ்சாங்கம் வந்திருக்குமா?”

பண்டாரம் துடைப்பத்தைச் சுவரில் சாத்தினார். கையைக் கழுவினார். பூட்டியிருந்த கதவைத் திறந்து உள்ளே விளக்கை ஏற்றினார். எங்கள் கற்பூரத்தை வாங்கிப் பார்த்து, “இதுக்கு ஒரு தட்டு வேணுமா,” என்று சொல்லிவிட்டுத் தட்டில் வைத்தார்.

நாவிதர் கோயிலுக்குப் பின்னால் மரத்தடியில் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பியதும் கையை ஆட்டினார்.

“கத்தியில கூர் இல்லம்மா. நேத்து பூரா தலை. எல்லாம் அதுங்களோட போயிருச்சு.”

“பரவாயில்லண்ணே. இருக்கிறதை வச்சு எடுங்க.”

செங்கல்லில் தண்ணீர் விட்டுத் தீட்டினார். அஞ்சலை தலையில் தண்ணீர் ஊற்றியதும் அவர் மூக்கைப் பொத்தினார்.

“என்னம்மா நாத்தம் இது? சாமிக்குக் குடுக்கிற முடியா?”

“இது இல்லன்னா முடி பாலத்தோட போயிருக்கும்ண்ணே.”

அவர் கத்தியைத் தலையில் வைத்தார். கத்தி வழிக்கவில்லை, பிடுங்கியது.  முழங்கால் வரை இருந்த கூந்தல் அவளைச் சுற்றித் தரையில் குவிந்தது. கடைசியில் அவள் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டு, “காத்து நல்லா வருது,” என்றாள்.

அடுத்து நான் உட்கார்ந்தேன். எனக்குக் கண்ணீர் வந்தது. கத்தி சரியில்லை என்று நாவிதர் நினைத்து மன்னிப்புக் கேட்டார். கத்திக்காக அழவில்லை. அண்ணன் நினைவாகத்தான் அழுதேன். ஒரு சட்டைக்காகப் போனானே என்று அழுதேன். சாமி முன்னால் நின்றபோது எனக்கு வேறு வேண்டுதல் எதுவும் வரவில்லை. அண்ணனைக் கொண்டுவந்து விடு என்றேன். மாக் சிக் மகனையும் சொன்னேன்.

வந்தவரும் வராதவனும்

யுத்தம் முடிவதற்குள் இன்னொரு பங்குனியும் வந்தது. பூசாரி இந்தத் தடவை கடிகாரத்தை விட்டுவிட்டுச் சரியாக எண்ணினார். ஆனால் அஞ்சலை உத்திரத்தன்றைக்குப் போக மறுத்தாள்.

“போன தடவ சாமி நம்மள மறுநாள்தான் பாத்தாரு. உத்திரத்தன்னைக்குப் போனா கூட்டத்துல தெரியாது,” என்றாள்.

மறுநாள் போனோம். பண்டாரம் எங்களுக்காகவே நாவிதரை நிறுத்தி வைத்திருந்தார். கத்தியை மட்டும் அவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஜப்பான்காரன் போன பிறகு, மழைக்காலத்தில் ஒருநாள் ராமையா வந்தார். எலும்பும் தோலுமாக, காலில் ஆறாத புண்ணோடு, லயத்து வாசலில் நின்றார். அஞ்சலை வெளியே வந்தாள். அவள் தலையில் நாலு விரல் கடை முடி. அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் செத்துட்டேன்னு தகவல் வந்துச்சா?” என்று கேட்டார்.

இல்லை, நீங்கள் பிழைத்து வரத்தான் மொட்டை போட்டேன் என்று அவள் சொல்லிப் புரியவைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அவர் இருந்த கோலத்தில் அவருக்கே அப்படிச் சந்தேகம் வருவது சகஜம்தான்.

நான் கதவருகில் நின்றேன். அவருக்குப் பின்னால் அண்ணன் வருகிறானா என்று பார்த்தேன். பாதை முடிகிற இடம் வரைக்கும் பார்த்தேன்.

“ஆத்துக்கு மேல இருந்த முகாமுக்கு அவனைப் பிரிச்சுக் கொண்டு போனாங்க. போகும்போது நல்லாத்தான் இருந்தான். சட்டை போட்டிருந்தான்,” என்றார் ராமையா.

அதற்கப்புறம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அவர் அதே வார்த்தைகளில் சொன்னார். ஒரு தடவையாவது என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். மேல் முகாமில் இருந்தவர்களுக்கு என்ன ஆனது என்று திரும்பி வந்த மற்றவர்கள் சொன்னார்கள். அண்ணன் இல்லை என்பது எனக்குத் தெரியும். அஞ்சலைக்கும் தெரியும்.

ஒரே நாள், ஒரே கோயில், ஒரே கூர் போன கத்தி. அவளுடைய ஆள் வந்தார், என்னுடைய ஆள் வரவில்லை. சில வருஷம் எனக்கு அவள் மேலேயே கோபமாக இருந்தது. நான் மொட்டை போடுவதை நிறுத்திவிட்டேன். எனக்குக் கல்யாணம் ஆகி, முடி வளர்ந்து, பிள்ளைகள் வந்து, சுங்கைப் பட்டாணிக்கே குடிவந்துவிட்டேன்.

இருக்கிறதை எடு

அஞ்சலை நிறுத்தவில்லை. வருஷா வருஷம் உத்திரத்துக்கு மறுநாள் பஸ்ஸில் வந்து, என்னையும் கூட்டிக்கொண்டு மெர்போக் போய், மொட்டை போட்டுக்கொண்டு போவாள். புருஷன் உயிரோடு வந்ததற்கு நன்றி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ராமையாவும் அப்படித்தான் நினைத்தார். சயாமிலிருந்து வந்த நாளிலிருந்து பெண்டாட்டி தலை வாரி ஒருநாளும் பார்த்ததில்லை என்று என்னிடம் குறைப்படுவார். சாமிக்கு ஒரு தடவை போட்டால் போதாதா என்பார். அவரும் போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிறது.

போன பங்குனியிலும் வந்தாள். கோயில் இப்போது பெரிதாகிவிட்டது. மறுநாள் போனால் கூட்டுகிறவர்கள் ஐந்தாறு பேர் இருக்கிறார்கள். நாவிதர் புதிய ஆள், சின்ன வயது. அவள் தலையில் இருந்த நாலு வெள்ளை முடியைப் பார்த்துச் சிரித்தார்.

“இதுல எடுக்க என்னம்மா இருக்கு? ஐயாதான் தவறிட்டாருங்கிறீங்க. இன்னும் யாருக்கு வேண்டுதல்?”

அஞ்சலை தண்ணீரைத் தானே தலையில் ஊற்றிக்கொண்டாள்.

“என் வீட்டுக்காரருக்கு வேண்டினது அப்பவே முடிஞ்சிருச்சு தம்பி,” என்றாள். பிறகு என்னைக் காட்டினாள். “இது அவ அண்ணனுக்கு. இருக்கிறதை எடு. ஆள் இன்னும் வரல.”